பெரிய கடனும் கெட்ட தூக்கமும்: அடைக்கத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை

"மொத்தம் எவ்வளவு கடன்?" என்று கேட்டால் வாய் சொல்லும் தொகை ஒன்று. எல்லா ஸ்டேட்மென்ட்டையும் பிரித்து வைத்துக் கூட்டினால் வருவது வேறு. பெரும்பாலும் இரண்டாவதுதான் பெரிது. யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. கிரெடிட் கார்டு பாக்கி, கடைசியாகப் பார்த்த அளவிலேயே மனதில் நின்றிருக்கும். அதற்குப் பிறகு ஏறிய வட்டியும் தாமதக் கட்டணமும் கணக்கில் வந்திருக்காது. சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றை "அதைக் கடன்னு சொல்ல முடியாது" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். கவரைப் பிரித்தால் மனசு தாங்காது என்று தள்ளிப்போடுவார்கள்; தள்ளிப்போடும் நாளுக்கும் வட்டி ஓடும்.

பண முடை யோசிக்கும் திறனையே மட்டுப்படுத்துகிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன் ஒரு தடவையும், பணம் கைக்கு வந்த பின் ஒரு தடவையும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன், கை காய்ந்திருந்த காலத்தில், அதே ஆட்களின் மதிப்பெண் குறைந்திருந்தது. "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. அடைக்கும் திட்டம் களைத்த தலையாலும் நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மாதம் பத்து முடிவு கேட்கும் திட்டம், காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓடாது.

முதல் இரண்டு வாரம் எழுதுவது மட்டும்

இந்த இரண்டு வாரத்தில் புதுக் கடன் வேண்டாம், சொத்து விற்கும் பேச்சு வேண்டாம், யாருக்கும் தேதி சொல்லி வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். வழக்கமான தவணைகளை முடிந்தவரை கட்டிக்கொண்டே, ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாரிடம், இன்றைய நிலுவை எவ்வளவு, வட்டி விகிதம், தவணைத் தேதி, இன்னும் எத்தனை மாதம், கட்டாவிட்டால் என்ன ஆகும், ஜாமீன் போட்டது யார். கடைசி இரண்டு கட்டங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்யும்போது அவைதான் கைகொடுக்கும்.

ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு, அரை மணி நேரம், பகல் வெளிச்சத்தில். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் செயலியைத் திறந்து பாக்கி பார்ப்பதால் ஒரு காசும் குறையாது; அன்றைய தூக்கம்தான் போகும்.

வட்டியைப் படிக்கும் விதம்

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். "மாதம் 3 சதவீதம்தானே" என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42.6 சதவீதம். "12 சதவீதம் ஃபிளாட்" என்று ஒரு லட்சத்தை மூன்று வருடத்துக்குக் கொடுத்தால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாளிலேயே 36,000 சேர்த்து 36-ஆல் வகுத்துவிடுவார்கள். தவணை சுமார் 3,778. குறையும் நிலுவைக் கணக்கில், அதாவது மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், பார்த்தால் அது 21 சதவீதத்துக்கும் சற்று மேல். 15 சதவீதத்தில் குறையும் நிலுவைக் கடன் ஒன்று உங்களிடம் இருந்தால், இரண்டில் விலை கூடியது அந்த '12'தான். பிடித்தம் போகக் கொடுக்கும் குறுகிய காலக் கடன் இன்னும் மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் தந்து, முப்பது நாளில் 10,000 திரும்பக் கேட்டால், ஒரே மாதத்துக்கு வட்டி 17.6 சதவீதம். எந்தக் கடனானாலும் கையில் வந்த தொகை, கட்டப்போகும் மொத்தத் தொகை என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

கார்டின் மினிமம் டியூவை, அதாவது மாதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை, கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாக்கி ஒரு லட்சம், மாத வட்டி 3 சதவீதம், மினிமம் நிலுவையில் 5 சதவீதம் என்று வையுங்கள். முதல் மாதம் பாக்கி 1,03,000 ஆகிறது, 5,150 கட்டுகிறீர்கள், 97,850 நிற்கிறது. அடுத்த மாதம் மினிமமும் கொஞ்சம் குறையும், அதனால் நீங்கள் கட்டுவதும் குறையும். ஒரு வருடம் இப்படியே கட்டினால் கையிலிருந்து போனது கிட்டத்தட்ட 55,000; பாக்கி குறைந்ததோ 23,000தான். கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். அதே ஆள், புதிதாக எதுவும் வாங்காமல், முதல் மாதம் கட்டிய அந்த 5,150-ஐ ஒவ்வொரு மாதமும் குறைக்காமல் கட்டியிருந்தால் 30-வது மாதத்தில் கணக்கே முடிந்திருக்கும். கூடுதல் வருமானம் எதுவும் தேவைப்படவில்லை. ஸ்டேட்மென்ட்டில் மினிமம் என்று அச்சாகும் எண் மாதாமாதம் இறங்கினாலும் நீங்கள் இறங்காமல் இருந்தால் போதும்.

இதே கணக்கு நீண்ட காலக் கடனுக்கும் பொருந்தும். 9 சதவீதத்தில் 20 வருடக் கடன் என்றால், இ.எம்.ஐ.யை 10 சதவீதம் கூட்டிக் கட்டும்போது 240 மாதம் 190 ஆகச் சுருங்கும். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா" என்று கேட்பார்கள். மாதச் செலவு கழுத்தைப் பிடிக்காத வரை காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கும் கடன்

பல கடனை அடைத்து ஒரே கடனாக மாற்றுவது சில வீடுகளுக்கு நிஜமாகவே உதவும்: ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே இடம். ஆனால் வட்டி குறைந்துவிட்டது என்ற நிம்மதியில் காலத்தை யாரும் பார்ப்பதில்லை. மூன்று லட்சம், 18 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 10,850, மொத்த வட்டி 90,000 சொச்சம். அதையே 13 சதவீதத்துக்கு ஏழு வருடமாக மாற்றினால் தவணை பாதியாகி 5,460 ஆகும். மொத்த வட்டி 1,58,000 தாண்டும். மூச்சு விட இடம் வேண்டும் என்றால் மாற்றுங்கள், தவறில்லை. மாற்றிய பிறகு கை கொஞ்சம் தாராளமானதும், பழைய தொகைக்குக் கிட்டத்தட்டக் கட்டத் தொடங்குங்கள். இன்னொன்று, அடைத்த கார்டுகளின் வரம்பு திரும்பத் திறந்து கிடக்கும். அதை மூடாமலோ குறைக்காமலோ விட்ட வீடுகளில் பழைய கார்டு பாக்கியும் புதுக் கடனும் சேர்ந்து நிற்கும். இந்தச் சறுக்கல் மிகச் சாதாரணமாக நடப்பது.

எது முதலில்

கூரை, மின்சாரம், வேலைக்குப் போக வேண்டிய வண்டி, இவற்றோடு கட்டிப்போட்ட கடன்களின் தவணை தவறக் கூடாது. அடுத்து ஜாமீன் போட்டவர் மாட்டிக்கொள்ளும் கடன். மீதியில் அதிக வட்டிக்கு முதலிடம் என்பதுதான் கணக்குப்படி சரி.

ஆனாலும் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்களின் நாள்பட்ட கடன்களை ஒரு தொண்டு அமைப்பு அடைத்துக் கொடுத்தது. அவர்களைப் பற்றி 2019-ல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட ஒரே அளவு தொகை அடைக்கப்பட்டவர்களிலும், எண்ணிக்கையில் கூடுதல் கணக்குகள் மூடப்பட்டவர்களுக்கே பதற்றம் அதிகம் குறைந்து, யோசிக்கும் திறன் கூடியிருந்தது. தொகையைப் போலவே கணக்குகளின் எண்ணிக்கையும் தலையை அழுத்துகிறது. எனவே மூன்று மாதத்துக்குள் முடிக்கக்கூடிய சின்னக் கடன் இரண்டு மூன்று இருந்தால், வட்டி எதுவானாலும் அவற்றை முதலில் மூடிவிட்டு, அதன் பிறகு வட்டி வரிசைக்குப் போவதையே பரிந்துரைப்போம். வட்டியில் கொஞ்சம் நஷ்டம்தான். நடுவழியில் திட்டத்தைக் கைவிடுவதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு மூன்று வார அத்தியாவசியச் செலவுக்கான தொகையாவது தனியாக இல்லாவிட்டால், ஒரு காய்ச்சலோ பழுதான வண்டியோ திரும்பக் கார்டை எடுக்க வைக்கும். அதுபோல, வீட்டுச் செலவை எலும்புவரை சுரண்டி எழுதும் பட்ஜெட்டும் மூன்றாம் மாதம் உடையும். கணக்குக் கேட்காத ஒரு சிறு தொகை வீட்டில் ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். தவணைகளின் தேதியைச் சம்பளம் வந்த அடுத்த மூன்று நாளுக்குள் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் செய்து தரும். ஆட்டோ டெபிட் போட்ட கணக்கில், அதாவது தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்கில், செலவுப் பணத்தை வைக்காதீர்கள். பணம் போதாமல் திரும்பினால் வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணமும் பிடிப்பார்கள்.

வசூல் அழைப்பு வந்தால்

தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே நீங்களே பேசிவிடுவது மிக நல்லது. தவறிய பின் பேசுபவருக்குக் கிடைப்பதைவிட அதிக வழிகள் அப்போது இருக்கும். ஒத்திவைப்புக் கொடுத்தால், அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறுமா என்று கேட்டே ஆக வேண்டும், பெரும்பாலும் ஏறும்.

அழைப்பு வரும்போது பதறிப்போய் "நாளைக்குக் கட்டிடுறேன் சார்" என்று சொல்வதுதான் பெரிய தவறு. நாளைக்கு முடியாது, அடுத்த அழைப்பு இன்னும் கடுமையாக வரும். போன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்துப் பார்த்துப் படியுங்கள்: "உங்க பேரு, எந்த நிறுவனம், எந்தக் கணக்கு விஷயமா பேசறீங்க? குறிச்சுக்கறேன். இந்த மாசம் என்னால இவ்வளவுதான் கட்ட முடியும், இந்தத் தேதியில கட்டுவேன். மத்ததை எழுத்துல அனுப்புங்க, நானும் எழுத்துலயே பதில் தர்றேன்." அவ்வளவுதான். கூடுதல் விளக்கம் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். மிரட்டல், உறவினர்களுக்குப் போன் போடுவது போன்றவை நடந்தால் புகாருக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

வீட்டிலும் இரவிலும்

துணைக்குத் தெரியாமல் கடனை அடைக்கப் பார்ப்பவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள்: அடைப்பது, மறைப்பது. மறைப்பதுதான் அதிகம் களைக்க வைக்கும். சொல்லும்போது, அந்த ஒரே தாளோடு உட்கார்ந்து முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதி பிறகு வெளிவந்தால், கடனைவிட அதுதான் வீட்டில் பெரிய சண்டையாகும். அதன் பிறகு பணப் பேச்சுக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். மற்ற நாளில் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தொகை தெரிய வேண்டாம். "கொஞ்ச நாள் செலவைக் குறைக்கிறோம், இதுக்கு நீ காரணம் இல்லை" என்பது போதும்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன வழி. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளைக்கும் வரும் நாட்களிலும் செய்ய வேண்டியதைப் பட்டியலாக எழுதுங்கள். 2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. "கடன் பிரச்சினை" என்று எழுதினால் பயனில்லை. "காலை 10 மணிக்கு வங்கிக்குப் போன், தவணைத் தேதி மாற்றக் கேட்க" என்று எழுதுங்கள். மது தூங்க வைப்பது போலத் தோன்றும். பின்னிரவில் விழிக்க வைக்கும், செலவும் கூட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை, நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் என்று தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். கடன் தீர்ந்தால் சரியாகிவிடும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றே நம்பும் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், நெருக்கடி உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள். வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள்.

ஒரு கணக்கு முடிந்ததும்

முடிந்த கடனின் தவணைத் தொகையை அதே தேதியில் அடுத்த கடனுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு மாதம் கையில் தங்கினாலும் செலவோடு கலந்துவிடும். நிலுவை இல்லை என்ற கடிதம், அடகு வைத்த பத்திரங்கள், ஆட்டோ டெபிட் ரத்து ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குறைத்துப் பேசி முடித்த கடன் என்றால், ஒப்புக்கொண்ட தொகை எழுத்தில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாமல் போகலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கார்டில் ஒரு பொறி உண்டு: ஸ்டேட்மென்ட்டில் உள்ள முழுத் தொகையைக் கட்டினாலும், ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அடுத்த மாதம் சின்னத் தொகையாக வந்து நிற்கும். முடிந்தது என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விட்டால், அதன்மேல் தாமதக் கட்டணம் ஏறும். கட்டும் அன்று போன் செய்து "இன்றைய தேதிக்குக் கணக்கை மூடும் தொகை எவ்வளவு?" என்று கேட்டு அதையே கட்டுங்கள், அடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்யம் காட்டிய பிறகு கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.