பலகாரப் பலகை வைக்கிறவர்களுக்கு ஒரு பீ.எச்.ஐ-யின் புலம்பல்

சித்திரை பிறந்துவிட்டால் வன்னியில் ஹோல்கள் வெறுமையாகக் கிடப்பதில்லை. கலியாணம், சாமத்திய வீடு, லீவுக்கு வந்த வெளிநாட்டுப் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று ஒன்று முடிய ஒன்று. ஆடியில்தான் கொஞ்சம் ஓய்வு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான (பீ.எச்.ஐ) எங்களுக்கும் சேர்த்து. முன்பு இந்த இடங்களில் கேக்கும் ஜெலியும் இருக்கும். இப்போது நடுவில் பெரிய மேசை போட்டு, அதில் மரப்பலகை அடுக்கி, பலகை தெரியாத அளவுக்கு இனிப்பு நிரப்புகிறார்கள். 'கிறேசிங் போர்ட்' என்கிறார்கள். அரியதரம், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, மோதகம், பனாட்டு, கச்சான் அல்வா, ஒரு சட்டி எருமைத்தயிர், பக்கத்தில் பனம்பாணி, சின்னப் போத்தலில் காட்டுத்தேன், காலம் என்றால் பாலைப்பழமும். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. நான் இதற்கு எதிரி இல்லை. பனாட்டு என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் அதைப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து அறிவித்தல் வரும்போது அந்தச் சந்தோஷம் போய்விடுகிறது. உணவு நஞ்சாதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வந்தால் நாங்கள் வீடு தேடிப் போகத்தான் வேண்டும்.

கடைசியாகப் போனது ஒரு பிறந்தநாள் வீடு. பிள்ளைகளுக்கு விடிய விடிய வாந்தி, இரண்டு பேருக்குச் சேலைன். நான் போவதற்கு முன்னரே குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள்: புரியாணி கொண்டுவந்த கேற்றறிங்காரர். "சேர், அந்தக் கோழியிலதான் ஏதோ பிழை. இனிப்பெல்லாம் எங்கட வீட்டில செய்தது. எங்கட ஊர்ச் சாமான், ஒரு கெமிக்கல் இல்லை." சரி என்று கொப்பியை எடுத்து, யார் யார் என்ன சாப்பிட்டது, யாருக்கு எப்போது வாந்தி தொடங்கியது என்று எழுதினேன். விரதம் என்று புரியாணியைத் தொடாத ஆச்சிக்கு வாந்தி. இரண்டு கோப்பை புரியாணி சாப்பிட்டு, சீனி வருத்தம் என்று இனிப்புப் பக்கம் போகாத மாமா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். எல்லாக் கோடும் போய் நின்றது மோதகத்தில். முதல் நாள் இரவு அவித்தது. பிடித்தவரின் விரலில் வெட்டுக்காயம், அதன்மேல் பிளாஸ்டர்.

இந்தக் கதையை ஆள் மாற்றி, வீடு மாற்றி எத்தனை தரம் எழுதுவது?

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது "இனிப்புத்தானே, பழுதாகாது" என்ற பேச்சு. ஊரில் பாதிப்பேர் இதை நம்புகிறார்கள், படித்தவர்களும். காரணம் கேட்டால் அம்மம்மாவின் பலகாரப் பேணியைக் காட்டுவார்கள். அம்மம்மா பேணியில் போட்டது என்ன? அரியதரம், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை. மாவையோ பயறையோ எள்ளையோ வறுத்தோ பொரித்தோ, பாகில் பிடித்து, ஆறவைத்து, மூடி இறுக்கி வைத்தது. அதில் கிருமி குடிக்கத் தண்ணீர் இல்லை. பனாட்டும் அப்படித்தான், பனங்களியை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து எடுப்பது. காப்பாற்றியது இனிப்பு மட்டுமல்ல, வறட்சி. அதே அம்மம்மா மோதகத்தைப் பேணியில் போட்டாவா? அவித்த அன்றைக்கே அயல் வீடுகளுக்குக் கொடுத்து முடித்துவிடுவா. உள்ளே தேங்காய்ப்பூ, வெளியே அவித்த மா, இரண்டும் ஈரம். வட்டிலப்பத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும். எவ்வளவு பனங்கட்டி போட்டாலும் அவை இறைச்சிக்கறியைப் போலக் கவனிக்க வேண்டிய சாப்பாடுகள். ஆகவே உங்கள் பலகையில் மாதக்கணக்கில் இருக்கிற இனிப்பும், ஒரு நாள் இனிப்பும், ஒரு மணித்தியால இனிப்பும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கின்றன. நீங்கள் எல்லாவற்றையும் அரியதரமாக நினைத்து நடத்துகிறீர்கள். பிழை அங்கேதான்.

'ஊர்ச் சாமான்' என்பதும் அப்படியே. கிருமிக்கு ஊர்ப்பற்றுக் கிடையாது. கொழும்பில் இருந்து வந்த கிறீம் கேக்கிலும் வளரும், முள்ளியவளைத் தேங்காய்ப்பூவிலும் வளரும்.

"மணந்து பார்த்தனாங்கள், நல்லாத்தான் இருந்தது." இருக்கும். காயத்தில் இருந்தும் மூக்கில் இருந்தும் வருகிற ஸ்ரபிலோகொக்கஸ் என்ற கிருமி விடுகிற நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. சாப்பிட்டு ஒன்றில் இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆளை வளைத்துப் போடும். திரும்ப அவித்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. ஆகவே "சூடாக்கிக் குடுத்தனாங்கள்" என்றும் சொல்லாதீர்கள்.

நேரக் கணக்கு இதுதான். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி சுகமாகப் பெருகும். ஈரமான சாப்பாடு அந்தச் சூட்டில் மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. வெளிச்சூடு 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம். சித்திரை வெயிலில், தகரக் கூரை ஹோலில், வீடியோ லைற்றுக்குக் கீழே எவ்வளவு சூடு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பலகையைப் பத்து மணிக்கு அடுக்கி, வீடியோக்காரர் ஒரு மணிக்கு வந்து, கேக் வெட்டி, பிறகுதான் "எடுங்கோ பிள்ளையள்" என்கிறீர்கள். அந்தப் பலகை விருந்தினரிடம் வர முன்னரே காலம் கடந்துவிட்டது.

அந்த வீட்டில் மிஞ்சிய பலகையையும் பார்த்தேன். தயிர்ச் சட்டியை வெட்டிவிட்டதால் தண்ணீர் விட்டு, அது பலகையில் வழிந்து, பக்கத்து வரிசை அரியதரத்தின் அடிப்பக்கம் ஊறிக் கிடந்தது. மேலே மொறுமொறு, கீழே களி. இரவே பொலித்தீனால் இழுத்து மூடியிருந்ததில் உட்பக்கம் முத்துமுத்தாக வியர்த்து, அந்த நீரும் இனிப்பின்மேல் சொட்டியிருந்தது. காய்ந்த பலகாரத்தையும் ஈரமாக்கிவிட்டார்கள்.

வைக்கிறதென்றால் இப்படி வையுங்கள். காய்ந்தவற்றை மட்டும் பலகையில் அடுக்குங்கள், அதை முதல் நாளே செய்யலாம், ஆறிய பிறகு மூடுங்கள். மோதகம், கொழுக்கட்டை, வட்டிலப்பம், வெட்டிய பழம், தயிர் எல்லாம் தனிக் கிண்ணத்தில், ஆட்கள் சாப்பிடத் தொடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். மிச்சம் பிறிட்ஜிலோ, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியிலோ இருக்கட்டும். கரண்ட் நின்றால் பிறிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கிண்ணத்தில் குறைந்தால் அதன்மேல் புதிதைக் கொட்டாமல் கிண்ணத்தையே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுக்கி. பொலிஷ் அடித்த தளபாடப் பலகை வேண்டாம், வாழையிலை விரியுங்கள். பத்திரிகைத்தாள் விரிக்கிறவர்களுக்கு நான் இனிமேல் பதில் சொல்லப்போவதில்லை. கையில் காயம், கண்ணில் கட்டி, வயிற்றோட்டம் இருக்கிறவர் அன்றைக்குப் பலகாரம் பிடிக்க வேண்டாம். அவரை வாழைத்தோரணம் கட்ட அனுப்புங்கள்.

பூ. இணையத்தில் பார்த்துவிட்டு இனிப்புக்கு நடுவில் பூச் செருகுகிறார்கள். ஒரு இடத்தில் அலரி, இன்னொரு இடத்தில் கார்த்திகைப்பூ. அலரி இதயத்தைப் பிடிக்கிற நஞ்சு. அதன் விதை தின்று வந்தவர்களை வடக்கில் எந்த ஆஸ்பத்திரியும் கண்டிருக்கும். கார்த்திகைச் செடியின் கிழங்கிலும் விதையிலும்தான் கொல்கிசின் என்ற நஞ்சு அதிகம் என்றாலும் மற்றப் பாகங்களும் சாப்பாட்டில் படக்கூடாதவை. பூ வேண்டுமென்றால் மருந்தடிக்காத செவ்வரத்தை இதழ் போதும்.

கச்சான் நல்லது. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சானைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பூஞ்சணம் பிடித்த பருப்பைச் சுரண்டிவிட்டுப் போடுகிற சிக்கனமும் வேண்டாம்.

பலகையில் "சீனி சேர்க்காதது, நீரிழிவுக்கு உகந்தது" என்று மட்டை எழுதி வைக்கிறவர்களே, பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்குரோஸ்தான். மிச்சத்தைக் கிளினிக் டொக்டர் சொல்லுவார், அவரிடம் நல்ல பேச்சு வாங்குவீர்கள்.

இனி வருவதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேண்டாம். தொட்டு வைக்கவும் வேண்டாம். பலகைக்கு முன்னால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, படம் எடுக்கவென்று விரலில் தேன் தொட்டு வாயில் வைப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒட்டுசுட்டான் காட்டுத் தேன், கலப்படம் இல்லை என்றெல்லாம் சொல்வார்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலினம் கிருமியின் வித்து இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது. எங்களுக்கு ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் இழுக்கமாட்டாது, அழுகை மெலியும், கழுத்து நிற்காது. இவற்றில் எதைக் கண்டாலும் தேன் கொடுத்ததை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஆச்சிமாரே, உங்களைக் குறை சொல்லவில்லை. முதல் பிறந்தநாள் கழியட்டும், ஒரு போத்தலையே கொடுங்கள்.

அப்படியும் யாருக்காவது வாந்தி வந்தால், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்தால், சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிஞ்சிய இனிப்பை வெட்கத்தில் கிடங்கு வெட்டிப் புதைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். சுத்தமான பையில் கட்டி, பிறிட்ஜில் தனியாக வைத்துவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள். மாதிரி இல்லாமல் நாங்கள் ஆய்வுகூடத்துக்கு எதை அனுப்புவது? பாவம், அந்தப் புரியாணிக்காரருக்கு அதற்குப் பிறகு இரண்டு ஓடர் நின்றுபோனது.