ஹடோகென் என்றால் அலைக்குத்து

வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. 1 ரூபாய் கொடுத்தால் ஒரு காயின், ஒரு காயினுக்கு ஒரு ஆட்டம். தொண்ணூறுகளில் பள்ளி விட்டதும் நாங்கள் போய் நின்ற இடம் அதுதான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்து, அப்படியே சாய்வாக முன்பக்கம் உருட்டி, கை நிற்பதற்குள் குத்து பட்டனைத் தட்ட வேண்டும். சரியாக விழுந்தால், வெள்ளை உடையும் சிவப்புத் தலைக்கட்டுமாக நிற்கும் ரியூ இரண்டு கைகளையும் இடுப்போரம் கொண்டுபோய் முன்னால் தள்ளுவான். நீல உருண்டை ஒன்று பறக்கும். கூடவே ஒரு கூச்சல். எங்கள் காதில் அது "அடூகன்" என்று விழுந்தது.

இப்போது என் அக்கா பையன் அதே ஆட்டத்தைப் போனில் ஆடுகிறான். போன வாரம் கேட்டான்: "மாமா, அடூகன்னா இன்னா அர்த்தம்?" இத்தனை வருடம் கத்திய சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஆட்டத்தின் பெயர் ஸ்ட்ரீட் ஃபைட்டர். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987-இல் முதல் பாகத்தையும் 1991-இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. எங்கள் கடையில் ஓடியது இரண்டாவது. ரியூ கத்தும் சொல் 'ஹடோகென்'. அதில் மூன்று துண்டுகள் உண்டு. 'ஹ' என்றால் அலை, 'டோ' என்றால் அசைவு, 'கென்' என்றால் மடக்கிய கை. முதல் இரண்டும் சேர்ந்த 'ஹடோ' ஜப்பானியரின் இயற்பியல் பாடத்தில் அலை இயக்கத்தைக் குறிக்கும் சொல்.

சரி, அலை முஷ்டி என்று வைத்துக்கொள்ளலாமா? ரியூவின் கையைப் பாருங்கள். மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. விரல்கள் விரிந்திருக்கின்றன. அவன் கையை மடக்கவே இல்லை. பெயரில் மட்டும் எப்படி மடக்கிய கை வந்தது? 'கென்' என்ற எழுத்துக்கு வெறுங்கைச் சண்டைக் கலை என்றும் பொருள் உண்டு. அதே எழுத்தைச் சீனர்கள் 'சுவான்' என்று படிப்பார்கள். மெதுவாகக் கையை வீசிச் செய்யும் தை சி சுவானில் கடைசியில் இருப்பது அதுதான். நம்மிடமும் இதே வழக்கு இருக்கிறது. சிலம்பத்தோடு சேர்த்துக் கற்றுத்தரும் குத்துவரிசையில் உதையும் பிடியும் உண்டு, ஆனாலும் பெயர் குத்துவரிசைதான். ஆகவே 'கென்' என்பதற்கு நேர்ச்சொல் குத்து. 'அலைவரிசை' என்று சேர்த்தால் இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும், அதை வானொலிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஹடோகென் என்றால் அலைக்குத்து. காசிமேட்டுக் காற்றில் வளர்ந்த பிள்ளைகள் வாயில் இது நன்றாகவே உட்காரும்.

அடுத்தது, துள்ளி எழுந்து மோவாயில் குத்தும் 'ஷோர்யூகென்'. 'ஷோ' எழுவது, 'ர்யூ' டிராகன், 'கென்' அதே குத்து. டிராகனுக்குத் தமிழ் என்ன என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் வெளிப்படுத்தின விசேஷத்தைப் படித்தவர்களுக்கு 'வலுசர்ப்பம்' நினைவு வரும். அது அழிக்கப்பட வேண்டிய தீய மிருகம். கிழக்காசிய டிராகனோ மழை தரும், மதிக்கப்படும். என் கணக்கில் சரியான சொல் நாகம்தான், அதற்கு வரலாறே சாட்சி. பௌத்த நூல்களைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர்கள் நம் 'நாக' என்ற சொல்லுக்கு டிராகன் எழுத்தைத்தான் போட்டார்கள். நாகார்ஜுனர் அங்கே 'டிராகன் மரம்' என்று பொருள்படும் பெயரோடு வாழ்கிறார். அர்ஜுனம் என்பது நம் மருத மரம் அல்லவா. இங்கிருந்து டிராகனாகப் போனது நாகமாகவே திரும்பி வரட்டும். ஷோர்யூகென் என்றால் எழுநாகக் குத்து.

இந்தச் சொல்லால் வந்த குழப்பம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானியப் பதிப்பில், ஜெயித்த ரியூ 'ஷோர்யூகென்னை முறியடிக்காமல் என்னை வெல்ல முடியாது' என்ற பொருளில் பேசுவான். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுநாகம் என்ற இரண்டு எழுத்துகளைச் சீன ஒலியில் 'ஷெங் லாங்' என்று எழுதிவிட்டார்கள். குத்தின் பெயர் ஆள் பெயர் மாதிரி ஆகிவிட்டது. யார் இந்த ஷெங் லாங், ரியூவின் குருவா என்று ஊர் ஊராகத் தேடினார்கள். 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க வீடியோ கேம் இதழ், முட்டாள்கள் தினத்துக்காக, அவரை வரவழைக்கும் ரகசிய வழி என்று ஒன்றை அச்சிட்டது. எத்தனை பேர் எத்தனை காயினை அதற்காகக் கரைத்தார்களோ! ஒரு சொல்லின் பொருளை ஒருவர் சரியாகக் கேட்டுக்கொள்ளாததால், இல்லாத மனிதர் ஒருவர் பிறந்துவிட்டார்.

இனி ரியூ. மேலே டிராகனுக்கும் 'ர்யூ' என்று பார்த்தோம், அதனால் இவன் பெயரும் டிராகன் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒலி ஒன்று, எழுத்து வேறு. இவன் பெயர் எழுத்துக்கு உயர்வது, செழிப்பது என்று பொருள். முதல் பாகத்தை இயக்கிய தகாஷி நிஷியாமாவின் பெயரிலும் அதே எழுத்து இருக்கிறது. தமிழில் இதற்கு 'ஓங்கு' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஓங்குவது என்றால் உயர்வதும் செழிப்பதும் மட்டுமல்ல, 'கையை ஓங்கினான்' என்றும் சொல்கிறோமே! சண்டைக்காரன் பெயருக்கு இரண்டு பக்கமும் பொருந்துகிற இந்தச் சொல்லைக் கண்டபோது அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்காக ரியூவை 'ஓங்கன்' என்று கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குத்துக்குப் பெயர் வைப்பது அது என்ன செய்கிறது என்று சொல்வதற்கு. அதை மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்க்கவும் வேண்டும். ஆளின் பெயர் அவனைக் கூப்பிடுவதற்கு. பொருளைத் தெரிந்துகொண்டு ஒலியை அப்படியே விட்டுவிடலாம். இதே ஆட்டத்தில் சண்டை போடும் பெண் சுன் லீ. சுன் லீ என்றால் வசந்தமும் அழகும். எங்கள் தெரு வசந்தா அக்காக்களின் பெயர்தான், ஆனாலும் அவள் சுன் லீ. பின்னால் யானைகள் நின்று பிளிற, கையை நீட்டி நீட்டிக் குத்தும் தால்சிம் நம் நாட்டுக்காரன் என்றார்கள். அந்தப் பெயரில் எங்கள் பக்கம் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பெயர்கள் ஊர் மாறும்போது ஒலி தேய்வதும் பொருள் மாறி உட்காருவதும் எங்களுக்குப் புதிதல்ல. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியார். அவர் இருந்த பகுதி தொண்டியார்பேட்டை. வாயில் புரண்டு புரண்டு இன்று தண்டையார்பேட்டை. புனித பேதுரு இங்கே இராயப்பர். பேதுரு என்றால் கிரேக்கத்தில் கல், ராயி என்றால் தெலுங்கில் கல். அவர் ஆலயம் நிற்கும் இடம் ராயபுரம்.

ஆனால் பெயர்களை ஆள்விட்டு ஆள் மாற்றிப்போட்டதை இந்த ஆட்டத்தில்தான் பார்த்தேன். கடைசிக் கட்டங்களில் ஒரு குத்துச்சண்டைக்காரன் வருவான். பரம்பரை பரம்பரையாக பாக்சிங் பார்த்த ஊர் எங்களுடையது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியதைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுவார்கள். அந்த ஆளைத் திரையில் பார்த்ததுமே, "டேய், மைக் டைசன்டா" என்றுதான் கத்தினோம். நாங்கள் தவறாகச் சொல்லவில்லை. ஜப்பானியப் பதிப்பில் அவன் பெயர் எம். பைசன். பைசன் என்றால் காட்டெருமை. தலை குனிந்து பாய்ந்து வரும் அவனுக்குக் கச்சிதம். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது வழக்கு வருமோ என்று பயந்து, மூன்று பேரின் பெயர்களைச் சுற்றிவிட்டார்கள். பைசன், தொப்பியும் சிவப்பு இராணுவ உடையுமாக நிற்கும் கடைசி வில்லனுக்குப் போனது. அந்த வில்லனின் வேகா, முகமூடியும் நகமுமாக வரும் ஸ்பெயின்காரனுக்குப் போனது. வானத்தில் வேகா என்றால் நம் அபிஜித் நட்சத்திரம். ஸ்பானிய மொழியில் ஆற்றோரத் தாழ்நிலம். ஆக, அந்த மாற்றம் ஒன்று தற்செயலாகப் பொருந்திவிட்டது. ஸ்பெயின்காரனின் பால்ராக், தீப்பேயின் பெயர், குத்துச்சண்டைக்காரனுக்கு வந்தது. எங்கள் கடையில் அது ஒரே வாரத்தில் பால்ராஜ் ஆனது.

பைசனுக்கு முன்னால் நிற்கும் அந்த 'எம்' பற்றிப் பெரிய வாக்குவாதமே நடக்கும். நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். அதனால் அவன் அப்பா முனுசாமி என்று ஒரு கட்சி, மாணிக்கம் என்று ஒரு கட்சி. அக்கா பையனிடம் இப்போதுதான் சரியான பதிலைச் சொன்னேன். எம் என்றால் மைக். அது அந்த வில்லனின் அப்பா பெயரும் இல்லை, அவனுடைய பெயரும் இல்லை. பால்ராஜுடையது.