வட்டமிடாத எண்கள்

அந்த அம்மையார் மேசையில் வைத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரே ஓர் எண்ணுக்குச் சிவப்பு மையில் வட்டம்: சி.ஆர்.பி. 6. மனம் மிகைக்கிளர்ச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனையக் கோளாறுக்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுப்பவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மூளையில் வீக்கம் என்று படித்தேன், டாக்டர். மறுபடியும் வரப்போகிறதா?" குரல் நடுங்கியது.

உடலில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் சி.ஆர்.பி. இருமுனையக் கோளாறு உள்ளவர்களிடம், குறிப்பாக மேனியா என்னும் மிகைக்கிளர்ச்சி நாள்களில், அது சராசரியைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. ஆனால் அதை வைத்துத் தனி ஒருவருக்கு நோய் திரும்பும், திரும்பாது என்று சொல்லவே முடியாது. சளிக்காய்ச்சல், புகைப்பழக்கம், ஈறு நோய் எதுவும் அதை ஏற்றிவிடும். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறுகள் சிவந்து வீங்கியிருந்தன. முதலில் பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

எனக்குக் கவலை தந்தவை அதே தாளில் வட்டமிடாத எண்கள். ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 2.4 (இவை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). நல்ல கொழுப்பு 1.1, இது குறைவு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8. அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினேன்: 91 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பது எல்லை. இவற்றோடு ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஐந்தில் மூன்று எல்லை மீறினாலே வளர்சிதைமாற்றக் கோளாறு, இவருக்கு நான்கு. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவே ரத்தத்தில் கலக்கிறது. இந்த நோயாளிகளின் ஆயுள் குறைவதில் இதய நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. மனம் நிலைப்பட்டதும் உடலை யாரும் பார்ப்பதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்றார் உடன் வந்த கணவர். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஓலன்சபின், குவட்டியபின், வால்புரோயேட் எடை கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் திடீரென நிறுத்தினால் நோய் பாய்ந்து வரக்கூடும். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். இரவு மாத்திரைக்குப் பிறகு வரும் பசிக்குப் பரோட்டாவும் தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீரும்தான் கைக்கு எட்டும் என்றார் அம்மையார். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்கில் தொடங்கலாம் என்றேன். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உப்பைத் திடீரென அறவே விட்டுவிடாதீர்கள், வெயிலில் நடந்தால் தண்ணீர் குடியுங்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

சிங்கப்பூரில் இருமுனையக் கோளாறு, மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களில் ஒன்று. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஐந்தையும் கேட்டுப் பெறுங்கள். புதிய மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும்.

மூன்று மாதம் கழித்து வந்தார். சி.ஆர்.பி. 3. இடுப்பு 89. டிரைகிளிசரைடு இன்னும் அசையவில்லை. மருந்தை மாற்றுவது பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.