ரிப்போர்ட் பையிலேயே இருந்தது

போன மாதம் மளிகைக் கடைக்காரர் ஒருவர் 19 வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்தார். "பையனுக்கு ஆம்பள ஹார்மோன் கம்மி சார். ஊசி போட்டா பொம்பள நெனப்பு போயிரும்னு சொன்னாங்க." பக்கத்து டவுனில் கிளினிக் வைத்திருப்பவர் ஏற்கெனவே 3 ஊசி போட்டுவிட்டார். இந்த வருடம் எனக்கு இது நான்காவது ஆள்.

ஹார்மோன் டாக்டர் என்று போர்டு மாட்டியிருக்கிறேன், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். திருநங்கையாக உணர்வது ஹார்மோன் குறைவால் வருவதில்லை. ஊசிக்கு முன் எடுத்த ரிப்போர்ட் அப்பாவின் மஞ்சள் பையிலேயே இருந்தது. டெஸ்டோஸ்டிரோன், அதாவது அந்த ஆண் ஹார்மோன், 540. அந்த வயது ஆணுக்கு இருக்க வேண்டிய அளவு. யாரும் படிக்கவே இல்லை. உண்மையிலேயே அந்த ஹார்மோன் குறைந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். மீசை முளைக்கவில்லை, குழந்தை இல்லை என்பார்கள். 'நான் பெண்' என்று அவர்களில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. சரி, ஊசி என்ன செய்யும்? தாடி இன்னும் அடரும், பரு வரும். கண்ணாடியில் அவள் எதைப் பார்க்கச் சகிக்காமல் இருந்தாளோ, அதையே காசு கொடுத்துக் கூட்டியிருக்கிறார்கள்.

அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன். இரண்டாம் வகுப்பில் பெண்கள் வரிசையில் போய் நின்று அடி வாங்கியிருக்கிறாள். அப்புறம் ஆண்கள் கழிப்பறைக்குப் போக முடியாமல், மாலை வரை தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்கூடத்தை முடித்திருக்கிறாள். இரண்டு முறை நீர்க்கடுப்பு, ஒரு முறை கல். (கல்லோடு வரும் பிள்ளைகளிடம் பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும் கேளுங்கள், டாக்டர்களே.) தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரை மெதுவாகச் சொன்னாள். நோயாளி அட்டையில் அதையே எழுதிக் கொடுத்தேன். வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறீர்களே, யார் பெற்ற பெண்ணை அதற்குப் பலி கொடுக்கப் போகிறீர்கள்? 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று ஊசி போடும் சக மருத்துவர்களுக்கும் ஒன்று: இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடுத்துவிட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் தொழில்முறைத் தவறு என்றும் சொல்லிவிட்டது.

திருநங்கைத் தங்கைகளே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். உடம்பு பெண்ணாக மாறட்டும் என்று கருத்தடை மாத்திரையை நாளுக்கு நாலும் ஐந்துமாக விழுங்காதீர்கள். அதில் இருக்கும் வகை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) அந்த அளவில் ரத்தத்தை உறைய வைக்கும். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரோ செய்துவிடுவார் என்று நிர்வாணத்துக்கு (ஆணுறுப்பை அகற்றுவதற்கு) ரகசிய இடம் தேடாதீர்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்கிறார்கள்.

நேற்று அப்பா மட்டும் தனியாக வந்தார். ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "பிள்ளைக்கு ஏதாச்சும் சத்து மாத்திரை எழுதுங்க சார், சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்றார். 'பையன்' என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை.