இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்கள் யாரிடம் என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தனியாகப் போகும் பெண், பாதுகாப்பில்லை என்று தோன்றினால் 112 அல்லது 1091-ஐ அழைக்கலாம். போலீஸ் ரோந்து வண்டி வந்து வீட்டில் கொண்டுபோய் விடும். கட்டணம் கிடையாது. எல்லா நாளும் உண்டு. 2023 ஜூனில் காவல்துறை அறிவித்தது இது. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் ‘இலவச போலீஸ் வண்டி’ செய்தி வேறு. அது 2019-இல் பஞ்சாபின் லூதியானா போலீஸ் தொடங்கியது. அதிலுள்ள மொபைல் எண் நமக்கு உதவாது.

அழைத்ததும் முதலில் நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள். தெருப்பெயர் தெரியாவிட்டால் பக்கத்து மெடிக்கல், ஏடிஎம், கோயில் எதுவானாலும் சரி. ‘காவல் உதவி’ செயலி இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலே இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்கு அழைப்பு போகும். ‘இன்னும் எதுவும் நடக்கலையே, இதுக்குப் போய் போலீஸா?’ என்று தயங்கத் தேவையில்லை. நடப்பதற்கு முன்னால் அழைக்கத்தான் இந்த ஏற்பாடே.

கடை, நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 24 மணி நேரமும் கடை திறக்க அரசு தந்த அனுமதியிலேயே, இரவு 8 மணிக்கு மேல் பெண்ணை வேலை வாங்க அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், போக்குவரத்து வசதியும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கையெழுத்து கேட்கும்போதே வண்டியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தெருவிளக்கு. என்னைக் கேட்டால், ரோந்து வண்டியைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். விளக்கு எரியாவிட்டால் புகார் சொல்ல சென்னையில் மாநகராட்சி எண் 1913, மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகம் அல்லது முதல்வரின் உதவி மையம் 1100. ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை’ என்று மொட்டையாகச் சொன்னால் புகார் அலையும். கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண்ணைப் பகலிலேயே குறித்து வைத்துச் சொல்லுங்கள். சில இடங்களில் விளக்கு எரியும், வேப்பங்கிளை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அங்கே கிளையை வெட்டத்தான் கேட்க வேண்டும். கம்பமே இல்லாத இடத்துக்குப் போன் புகார் போதாது. வார்டு கவுன்சிலர் நடத்தும் பகுதி சபாவில், கிராமமானால் கிராம சபையில், நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து மனுவாகக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.