ஒற்றைக் கண் இருட்டு

இரவில் தூக்கம் கலைந்து எழுந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு லைட்டைப் போடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அணைத்துவிட்டுக் கையை எடுங்கள். பொத்திய கண்ணுக்குக் கட்டிலும் கதவும் மங்கலாகத் தெரியும். மற்றக் கண்ணுக்கு எல்லாமே கும்மிருட்டு. இந்த வித்தியாசத்தில் வைட்டமின் ஏ-க்குப் பெரிய பங்கு உண்டு.

மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி. ஆப்சின் என்ற புரதத்துக்குள் ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு பொருந்தி உட்கார்ந்திருப்பதுதான் ரோடாப்சின். அந்த ரெட்டினால் வேறு ஒன்றுமில்லை, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். இருட்டில் அது கூன் போட்டிருக்கும். ஒளி பட்டதும் சட்டென்று நிமிரும். எவ்வளவு சட்டென்று? ஒரு நொடியை 5 லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த நிமிர்வில் ஆப்சினும் உருமாற, மூளைக்குச் செய்தி கிளம்புகிறது.

நிமிர்ந்த ரெட்டினால் ஆப்சினை விட்டுக் கழன்றுவிடும். அதை மறுபடி வளைக்கும் பட்டறை பக்கத்து நிறமி அடுக்கில் இருக்கிறது. அங்கே போய், வளைந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. பளீர் வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு இருட்டு முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? அதெல்லாம் சும்மா. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிடுவதால் வருவது. கேரட்டின் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். கூடவே கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருந்தால் நன்றாக உடலில் சேரும்.

ஈரலில் வைட்டமின் ஏ கையிருப்பு இருப்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. அது தீரும்போது முதலில் அடிபடுவது குச்சி செல்கள்தான். அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறும், கீழே கிடக்கும் பொருளைக் கையால் துழாவும். மாலைக்கண் என்பது இதுதான். கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கவும் இதே வைட்டமின் வேண்டும் என்பதால், அப்புறம் வெள்ளை விழி வறண்டு நுரை ஒட்டியது போலத் திட்டுகள் தோன்றும். முற்றினால் கருவிழியே மென்மையாகிக் கரையத் தொடங்கும்.

மாலைக்கண்ணோடு நிற்கும்போது மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஏ கொடுத்தால் சில நாட்களிலேயே இரவுப் பார்வை திரும்பிவிடும். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டால், எத்தனை சொட்டு கொடுத்தாலும் அது மறையாது.