கிலோதொன்: சொல் விளக்கம்

அணுகுண்டுச் செய்திகளில் தவறாமல் வரும் சொல் கிலோதொன். தமிழ்நாட்டில் கிலோடன் என்பார்கள். 'மெற்றிக் தொன்' என்று பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு கிலோதொன்தான் பழக்கம். மலையகத்தில் கிலோ என்றதும் கொழுந்து நிறுக்கிற தராசு நினைவுக்கு வரும். அதனால் இதையும் குண்டின் எடை என்று நினைக்கத் தோன்றும். எடை அல்ல, சக்தியின் அளவு. 1,000 தொன் ரி.என்.ரி. வெடிமருந்து வெடித்தால் வெளிவரும் சக்தியே 1 கிலோதொன்.

கிலோ, ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொன், பெரிய பீப்பாயைக் குறித்த பழைய ஐரோப்பியச் சொல்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் எடை 4 தொன்னுக்குச் சற்று அதிகம். சக்தியோ சுமார் 15 கிலோதொன். அவ்வளவு வெடிமருந்தை ஏற்ற 10 தொன் லொறிகள் 1,500 வேண்டும். ஹட்டன் வீதியில் நெருக்கி நிறுத்தினாலும் வரிசை 15 கிலோமீற்றராவது நீளும். குண்டிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் அணு பிளந்து இந்தச் சக்தியைத் தந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த வருட முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் ஒரு இலட்சத்து 40 ஆயிரம் பேர்.

நாகசாகிக் குண்டு இன்னும் பெரியது, சுமார் 21 கிலோதொன். ஆனால் அது உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்ததால், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நகரப் பகுதி ஓரளவு தப்பியது. கண்டியைப் போல மலை சூழ்ந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைய முடியாது. மலை காத்தது மறுபக்கத்தைத்தான், பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்களை அல்ல.

இந்தச் சொல்லில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. அணுகுண்டின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் அதிர்ச்சி அலையாகிறது. மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகி ஊரை எரிக்கிறது, மிச்சம் கதிர்வீச்சு. ரி.என்.ரி.யில் கதிர்வீச்சே கிடையாது. ஹிரோஷிமாவில் கதிரியக்கக் கரி கலந்து கறுப்பு மழையாகக் கொட்டியதை எந்தக் கிலோதொன் கணக்கும் சொல்வதில்லை.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 'ஆயிரந்தொன்' என்றால் மறுபடியும் எடையாகத்தான் கேட்கும். கிலோதொன் என்றே வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும்போது 'ஆயிரம் தொன் வெடிமருந்தின் சக்தி' என்று விரித்து எழுதுவதே பொருத்தம். மெகாதொன் அதைப்போல ஆயிரம் மடங்கு, அதாவது பத்து இலட்சம் தொன். 1961இல் சோவியத் ஒன்றியம் வெடித்துப் பார்த்த குண்டு சுமார் 50 மெகாதொன். அதற்குப் பக்கத்தில் 'ஹிரோஷிமாவைப் போல 3,000 மடங்குக்கு மேல்' என்றும் எழுதிவிட வேண்டும்.